பொற்றாசியம் துணையா, நஞ்சா?

இரண்டாம் தவணைப் பரீட்சையின் இரசாயனவியல் வினாத்தாளில் ஒரு சிறு வினா வந்திருந்தது. ஏபர் முறையில் அமோனியா தயாரிக்கும்போது பயன்படும் ஊக்கி எது? அதனுடன் சேர்க்கப்படும் பொருட்கள் யாவை? "இரும்பு, பொற்றாசியம் ஒட்சைட்டு, அலுமினியம் ஒட்சைட்டு" என்று எழுதினேன். முழுப் புள்ளியும் கிடைத்தது.

விடைத்தாளைத் திருப்பித் தரும்போது ஆசிரியை என்னை நிறுத்தி, "சரி மகள், அந்தப் பொற்றாசியம் அங்க என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"தாக்க வீதத்தைக் கூட்டுது ரீச்சர்."

"எப்படிக் கூட்டுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. "புள்ளி கிடைச்சிட்டுது, விளக்கம் கிடைக்கல்ல. தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்.

தேடிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்ட செய்தி என்னை மேலும் குழப்பியது. அங்கே பொற்றாசியம் ஊக்கிக்குத் துணை செய்யும் பொருளாகச் சொல்லப்படவில்லை. ஊக்கியைக் கெடுக்கும் நஞ்சாகச் சொல்லப்பட்டிருந்தது. ஒரே மூலகம் ஓரிடத்தில் துணையாகவும் இன்னோரிடத்தில் நஞ்சாகவும் இருப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

புறத்துறிஞ்சல் என்றால் என்ன?

மைத்துளி ஒன்று ஒற்றுத்தாளில் விழுந்தால் தாளின் உள்ளே ஊறிப் பரவும். இது அகத்துறிஞ்சல். கரும்பலகையில் எழுதும்போது வெண்கட்டித் தூள் பலகையின் மேலேயே ஒட்டி நிற்கும், மரத்தினுள்ளே போகாது. வாயு மூலக்கூறுகள் இவ்வாறு ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டி நிற்பதைப் புறத்துறிஞ்சல் என்கிறோம்.

ஒட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. வந்தர்வாலிசு விசைகளால் மட்டும் மெலிதாக ஒட்டுவது பௌதிகப் புறத்துறிஞ்சல். இது சற்றுச் சூடாக்கினாலே விட்டுப் போய்விடும். இலத்திரன்களைப் பகிர்ந்தோ கொடுத்து வாங்கியோ உண்மையான பிணைப்பு உண்டாகுமாயின் அது இரசாயனப் புறத்துறிஞ்சல். திண்ம ஊக்கிகளின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையிலேயே தங்கியுள்ளது. வாயு மூலக்கூறு முதலில் மேற்பரப்பில் ஒட்ட வேண்டும். அங்கே அதன் பழைய பிணைப்புகள் தளர வேண்டும். புதிய விளைபொருள் உண்டாக வேண்டும். இறுதியாக அந்த விளைபொருள் இடத்தைக் காலி செய்து போகவும் வேண்டும்.

எனவே ஒட்டும் வலிமை அளவோடு இருக்க வேண்டும். மிக மெலிதாக ஒட்டினால் தாக்கம் நடக்குமுன் மூலக்கூறு பறந்துவிடும். மிக இறுக்கமாக ஒட்டினால் அது இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றுக்கு வழி விடாது. 1912ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்ட பிரான்சு நாட்டு அறிஞர் போல் சபத்தியே அவர்களின் பெயரால் இந்தக் கருத்து இன்றும் வழங்கப்படுகிறது.

ஒட்சைட்டின் மேற்பரப்பு எப்படி இருக்கும்?

அலுமினியம் ஒட்சைட்டுத் துண்டொன்றின் உட்பகுதியில் ஒவ்வோர் அலுமினிய அயனையும் ஒட்சைட்டு அயன்கள் சூழ்ந்திருக்கும். ஆனால் மேற்பரப்பில் உள்ள அயன்களுக்கு மேற்புறத்தில் அயலவர் இல்லை. அவற்றின் பிணைப்புத் தேவை நிறைவடையாமல் இருக்கும். இதனாலேயே மேற்பரப்பு, வரும் வாயுக்களைப் பிடித்துக்கொள்கிறது.

அங்கே மூன்று விதமான இடங்களைக் காணலாம். முதலாவது, வெளியே தெரியும் உலோக அயன். நேரேற்றம் கொண்ட இது, இலத்திரன் சோடியை ஏற்கக் காத்திருக்கும். ஆகவே அமில இயல்புடையது. இரண்டாவது, ஒட்சைட்டு அயன். இது இலத்திரன் சோடியைக் கொடுக்கக்கூடியது. ஆகவே மூல இயல்புடையது. மூன்றாவது, ஈரலிப்பினால் உண்டான ஐதரொட்சில் கூட்டம். சில ஒட்சைட்டுகளில் இது தன் புரோத்தனை விட்டுக்கொடுத்து அமிலமாகத் தொழிற்படும்.

எந்த வாயு எங்கே ஒட்டும் என்பதை இப்போது நாமே ஊகிக்கலாம். அமோனியா ஒரு மூலம். அது அமில இடங்களைத் தேடிப் போகும். காபனீரொட்சைட்டு ஓர் அமில வாயு. அது மூல இடங்களில் அமர்ந்து காபனேற்றாக மாறும்.

கார உலோகம் வந்து சேர்ந்தால்?

ஆவர்த்தன அட்டவணையின் முதலாம் கூட்டத்து உலோகங்களின் தலையாய பண்பு, வெளியோட்டிலுள்ள ஒற்றை இலத்திரனை எளிதில் இழப்பதாகும். முதலாம் அயனாக்கற் சக்தியைப் பாருங்கள். மூலுக்குக் கிலோ யூலில் இலிதியத்துக்கு 520, சோடியத்துக்கு 496, பொற்றாசியத்துக்கு 419, உருபீடியத்துக்கு 403, சீசியத்துக்கு 376. கீழே போகப் போக இலத்திரனை இழப்பது இலகுவாகிறது.

இத்தகைய உலோகத்தின் உப்பொன்றை ஒட்சைட்டின் மேல் சிறிதளவு தடவிச் சூடாக்கினால் இரண்டு முக்கிய மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, ஐதரொட்சில் கூட்டத்திலிருந்த ஐதரசனின் இடத்தைக் கார உலோக அயன் பிடித்துக்கொள்கிறது. அமில இடம் ஒன்று மறைகிறது. மற்றொன்று, அருகிலுள்ள ஒட்சைட்டு அயன்களில் இலத்திரன் செறிவு கூடுகிறது; அவை முன்பைவிட வலிய மூலங்களாகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், கார உலோகம் மேற்பரப்பின் அமிலத் தன்மையைக் குறைத்து மூலத் தன்மையைக் கூட்டுகிறது. இது ஒன்றுதான் அடிப்படைச் செயல். அது துணையாவதும் நஞ்சாவதும் எந்த வாயு வந்து ஒட்ட வேண்டும் என்பதைப் பொறுத்தது.

துணையாகும் இடம்

தனி அலுமினியம் ஒட்சைட்டு காபனீரொட்சைட்டை ஓரளவுக்குத்தான் பிடிக்கும். அதன் துளைகளினுள் பொற்றாசியம் காபனேற்றைப் பரப்பிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. ஈரலிப்புள்ள வாயுவிலிருந்து காபனீரொட்சைட்டை அது நன்கு பிடித்துப் பொற்றாசியம் இருகாபனேற்றாக மாற்றிக்கொள்ளும். பின்னர் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். திண்மத்தை மீண்டும் பயன்படுத்தலாம். தொழிற்சாலைப் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் வழிகளில் ஒன்றாக இது ஆராயப்பட்டு வருகிறது.

இங்கேயும் அளவு முக்கியம். பொற்றாசியத்தின் ஒரு பங்கு அலுமினியம் ஒட்சைட்டுடன் சேர்ந்து வேறொரு காபனேற்றுச் சேர்வையாகிவிடுவதுண்டு. அதில் சிக்கிய காபனீரொட்சைட்டை வெளியேற்ற இன்னும் கூடிய வெப்பம் வேண்டும். உப்பு மிகையானால் நுண்துளைகள் அடைபட்டு, வாயு உள்ளே போகும் வழியே இல்லாமல் போய்விடும். மூல இடங்கள் எத்தனை இருந்தாலும் வாயு அவற்றை அடைய முடியாவிட்டால் பயன் இல்லை.

நஞ்சாகும் இடம்

மின்னிலையங்களின் உலைகளில் எரிபொருள் எரியும்போது நைதரசனின் ஒட்சைட்டுகளும் உண்டாகின்றன. இவை சுவாசத்துக்குக் கேடு. அமில மழைக்கும் காரணம். இவற்றை நீக்க ஒரு வழி உண்டு. 300 முதல் 400 பாகை செல்சியசு அளவிலான புகையுடன் அமோனியாவைக் கலந்து ஓர் ஊக்கியின் ஊடாகச் செலுத்துவார்கள். நைத்திரிக்கொட்சைட்டும் அமோனியாவும் ஒட்சிசனும் தாக்கமுற்று நைதரசனும் நீராவியும் வெளிவரும். இந்த முறை 1970களில் யப்பானில் மின்னிலையங்களுக்கு வந்து பின்னர் உலகெங்கும் பரவியது.

அந்த ஊக்கி, தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேல் தங்குதனின் ஒட்சைட்டும் சிறிதளவு வனேடியத்தின் ஒட்சைட்டும் பரப்பப்பட்ட ஒன்று. தைத்தேனியம் ஈரொட்சைட்டு நமக்குப் புதியதல்ல. புல்மோட்டைக் கரையோர மணலிலுள்ள இல்மனைற்றிலிருந்து பெறக்கூடிய வெண்பொருள் என்று பாடத்தில் படித்த அதே சேர்வைதான். தாக்கத்தின் முதற்படி, அமோனியா வனேடியத்தோடு இணைந்த ஐதரொட்சில் கூட்டத்தில் வந்து ஒட்டுவதாகும். அந்த அமில இடம் தன் புரோத்தனைக் கொடுக்க, அமோனியா அமோனியம் அயனாக மாறி அமர்கிறது.

இப்போது பொற்றாசியம் புகையோடு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது புரோத்தனை அகற்றிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்கிறது. அமோனியாவுக்கு ஒட்ட இடமில்லை. எஞ்சியிருக்கும் இடங்களிலும் அது முன்பைவிட மெலிதாகவே ஒட்டுகிறது. தாக்கம் படிப்படியாக நின்றுபோகிறது. கார உலோகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதித்தபோது அதிகம் கெடுத்தது சீசியம். அதற்கடுத்து உருபீடியம், பொற்றாசியம், சோடியம். குறைவாகக் கெடுத்தது இலிதியம். மேலே தந்த அயனாக்கற் சக்தி வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இரண்டு வரிசைகளும் ஒத்துப்போவதைக் கண்டபோது, மனப்பாடம் செய்த எண்கள் முதன்முறையாக எனக்கு ஏதோ ஒன்றைச் சொன்னதுபோல் இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஒட்டுதலை அறிஞர்கள் எப்படி அறிகிறார்கள்? அமோனியா ஒட்டிய ஊக்கியை மெல்ல மெல்லச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வாயு வெளியேறுகிறது என அளப்பது ஒரு வழி. கூடிய வெப்பநிலையில் வெளியேறினால் இறுக்கமாக ஒட்டியிருந்தது என்று பொருள். செந்நிறக்கீழ்க் கதிரைச் செலுத்தி, ஒட்டியிருப்பது அமோனியாவா அமோனியம் அயனா என்று அதன் நிறமாலையைக் கொண்டு பிரித்தறிவது இன்னொரு வழி.

வைக்கோலும் சாம்பலும்

புகையில் பொற்றாசியம் எங்கிருந்து வருகிறது? தாவரங்களிலிருந்து. பொற்றாசியம் இல்லாமல் பயிர் வளராது. உலர்ந்த வைக்கோலின் நிறையில் ஏறத்தாழ 1 சதவீதம் பொற்றாசியமாக இருக்கலாம். நிலக்கரியிலும் பொற்றாசியம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் களிமண் போன்ற கனியங்களினுள் சிறைப்பட்டிருப்பதால் எளிதில் ஆவியாவதில்லை. வைக்கோலில் அது கரையும் உப்புகளாக இருப்பதால் உலையின் வெப்பத்தில் ஆவியாகிப் புகையோடு போய் ஊக்கியில் படிகிறது.

டென்மார்க்கு நாட்டில் கோதுமை முதலிய பயிர்களின் வைக்கோலை மின்னிலையங்களில் எரிக்கிறார்கள். நிலக்கரிக்குப் பதிலாக உயிர்த்திணிவை எரிப்பது காலநிலைக்கு நல்லது என்பதே நோக்கம். ஆனால் நல்ல எரிபொருளென்று நாடிய வைக்கோலே, காற்றைத் தூய்மையாக்கும் ஊக்கியைக் கெடுத்தது. இதனால் அந்நாட்டு ஆய்வாளர்கள் பொற்றாசிய நஞ்சூட்டலை விரிவாக ஆராய நேர்ந்தது.

இதை வாசித்தபோது எங்கள் வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானச் செயற்பாடொன்றுக்காகச் சாம்பல் நீரில் மஞ்சள் தோய்த்த தாளை இட்டு, அது சிவப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. நான் கொல்லையில் பலாமரத்தடியில் கொட்டிக் கிடந்த சாம்பலை அள்ளி வந்து கரைத்தேன். தாள் மஞ்சளாகவே இருந்தது. மறுநாள் ஒப்படைக்க வேண்டும், அழுகை வந்துவிட்டது. உம்மும்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மழ பட்ட சாம்பல்ல என்ன காரம் இரிக்கும் புள்ள? அடுப்புக்குள்ள இரிக்கிறத எடு."

அடுப்புச் சாம்பலை எடுத்துக் கரைத்தேன். தாள் உடனே செங்கபில நிறமானது. அந்தக் காலத்தில் பாத்திரம் துலக்கவும் துணி வெளுக்கவும் சாம்பல் பயன்படுத்தியவர் அவர். மழைநீரில் சாம்பலின் சக்தி போய்விடும் என்பது அவருக்குப் புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது. அந்தச் சக்தியின் பெரும்பங்கு பொற்றாசியம் காபனேற்று என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

டென்மார்க்கிலும் இதே அறிவு பயன்படுகிறது. அறுவடைக்குப் பின் வயலிலேயே மழையில் நனைந்து நிறம் மங்கிய வைக்கோலில் பொற்றாசியமும் குளோரினும் குறைவு. ஆகவே உலைக்கு அதுவே உகந்தது. நஞ்சான ஊக்கியையும் நீரினாலோ ஐதான சல்பூரிக்கமிலத்தினாலோ கழுவினால் பொற்றாசியம் கரைந்து போய், இழந்த திறனில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. நிலக்கரிச் சாம்பலையோ வெண்களியையோ உலையில் சேர்த்து, பொற்றாசியத்தை ஊக்கிக்குப் போகுமுன்பே பிடித்துவிடுவது இன்னொரு வழி. நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தபடியால்தான் மாற்றும் தெரிந்தது.

அதே வனேடியம், அதே பொற்றாசியம்

இவ்வளவும் அறிந்தபின் வனேடியத்துக்குப் பொற்றாசியம் எப்போதும் பகை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவும் தவறு.

சல்பூரிக்கமிலம் தயாரிக்கும் தொடுகை முறையில் கந்தகவீரொட்சைட்டைக் கந்தகமூவொட்சைட்டாக மாற்ற வனேடியத்தின் ஒட்சைட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்திருக்கிறோம். அந்த ஊக்கியில் பொற்றாசியத்தின் சல்பேற்றை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்! ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் வனேடியமும் பொற்றாசிய உப்பும் சேர்ந்து உருகி, சிலிக்காவின் துளைகளினுள் மெல்லிய திரவப் படலமாகப் பரவுகின்றன. கந்தகவீரொட்சைட்டும் ஒட்சிசனும் அந்தத் திரவத்தில் கரைந்தே தாக்கமடைகின்றன. அதாவது அங்கே நிகழ்வது திண்ம மேற்பரப்பில் ஒட்டும் புறத்துறிஞ்சல் அல்ல. திரவத்தினுள் கரையும் அகத்துறிஞ்சல். அமோனியா ஒட்ட வேண்டிய அமில இடம் அங்கே தேவையே இல்லை. பொற்றாசியம் இல்லாவிட்டால்தான் வேலை நடக்காது. சீசியத்தையும் சேர்த்தால் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே ஊக்கி தொழிற்படும். புகை சுத்திகரிப்பில் மிகக் கொடிய நஞ்சாக இருந்த சீசியம் இங்கே மிகச் சிறந்த துணை.

மீண்டும் ஏபர் முறைக்கு

இனி ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். செருமனியில் பாசுப்பு நிறுவனத்தில் அல்வின் மித்தாசு என்பவரின் குழு, 1912இன் தொடக்கம் வரை ஏறத்தாழ 2500 பொருட்களைக் கொண்டு 6500 அளவிலான சோதனைகள் செய்தது. தூய இரும்பு ஏமாற்றியது. சுவீடன் நாட்டு மகனதைற்று என்னும் இரும்பு ஒட்சைட்டுத் தாது மட்டும் நன்றாக வேலை செய்தது. தாதுவிலிருந்த மாசுகளே அதற்குக் காரணம் என்று ஊகித்து, அவர்கள் தாமே அலுமினியம் ஒட்சைட்டையும் காரத்தையும் சேர்த்துப் பார்த்து இன்றைய ஊக்கிக்கு வந்து சேர்ந்தார்கள். 1913இல் ஒப்பாவு என்னும் இடத்தில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

ஐதரசன் பட்டதும் அந்த இரும்பு ஒட்சைட்டு உலோக இரும்பாகிவிடுகிறது. ஆகவே வாயு ஒட்டுவது ஒட்சைட்டில் அல்ல, இரும்பில். எனினும் பொற்றாசியத்தின் குணம் மாறவில்லை. அது இலத்திரனை இரும்பின் பக்கம் தள்ளுகிறது. இரும்பு அதை நைதரசன் மூலக்கூற்றின் பிணைப்பெதிர் ஓபிற்றலுக்குக் கொடுக்கிறது. வலிய மும்மைப் பிணைப்புத் தளர்கிறது. செருமனிய அறிஞர் கெர்காட் ஏட்டல், பொற்றாசியம் சேர்ந்த சில இரும்புப் பரப்புகளில் நைதரசன் பிளவடையும் வேகம் நூறு மடங்குக்கும் மேல் கூடுவதைக் காட்டினார். திண்ம மேற்பரப்புகளின் இரசாயனம் பற்றிய ஆய்வுகளுக்காக 2007இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் இன்னுமொரு நன்மையும் உண்டு. பொற்றாசியம் இருக்கும்போது, உண்டான அமோனியா இரும்பில் மெலிதாகவே ஒட்டி விரைவில் விலகிப் போகிறது. அடுத்த நைதரசனுக்கு இடம் காலியாகிறது. அமோனியாவை ஒட்ட விடாமை புகை சுத்திகரிப்பில் நஞ்சு. அதே ஒட்ட விடாமை ஏபர் முறையில் உதவி. ஏனெனில் அங்கே அமோனியா வந்து சேர வேண்டிய விருந்தாளி. இங்கே வேலை முடித்துப் புறப்பட வேண்டியவர்.

அரபுப் பாடம் படிக்கும் தோழியருக்கு ஒரு செய்தி. ஆங்கிலத்தில் காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல், தாவரச் சாம்பலைக் குறிக்கும் 'அல்கலீ' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பொற்றாசியத்தின் இலத்தீன் பெயரான 'காலியம்' என்பதும் அதன் வழி வந்ததே. 'பொற்றாசியம்' என்பதோ பானைச் சாம்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 1807இல் அம்பிரி தேவி உருகிய பொற்றாசின் ஊடாக மின்னைச் செலுத்தி இந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டு பெயரைச் சொல்லி அழைத்தாலும் நாம் சாம்பலைத்தான் அழைக்கிறோம்.

கடந்த வாரம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஆசிரியையிடம் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு, "பரீட்சையில இவ்வளவும் எழுதினா நேரம் போகும். ஆனா இனி மறக்க மாட்டீங்க" என்றார். உண்மைதான். வீட்டுக்கு வந்து உம்மும்மாவிடம் அவருடைய சாம்பல் விஷயம் டென்மார்க்கு மின்னிலையம் வரைக்கும் போயிருக்கிறது என்று சொன்னேன். அவர் அடுப்புச் சாம்பலை அள்ளி வாழைக்கன்றின் அடியில் போட்டுக்கொண்டே, "அது எங்களுக்குத் தெரிஞ்ச கததானே" என்றார்.